வடிக்காமல் பொங்கும் சோறு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், சிங்கப்பூரில் ஒரு சீனக் குடும்பத்தில் ஆறு வருஷம் சமையல் வேலை பார்த்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அந்த வீட்டுப் பாட்டி வெறும் வெள்ளைச் சோற்றுக்கு எவ்வளவு மெனக்கெடுவார் என்று அதில் நாலு வரி இருந்தது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சரி, இந்த மாதம் முழுக்கச் சோறுதான்.

அக்கா, ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் என் மகன் லீவுக்கு வந்தால் ஃப்ரைடு ரைஸ்தான் கேட்கிறான். மூன்று தடவை செய்துவிட்டேன், மூன்று தடவையும் குழைந்து களி மாதிரி ஆகிவிட்டது. கடையில் மட்டும் எப்படி உதிரி உதிரியாக வருகிறது?
– இல்லத்தரசி, பாலக்கோடு

சுடச்சுட வடித்த சோற்றை அப்படியே கடாயில் கொட்டியிருப்பீர்கள். அதுதான் காரணம், உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. ஃப்ரைடு ரைஸ் என்பது சீன வீடுகளில் மிச்சச் சோற்றுக்காகப் பிறந்த சமையல். நேற்றுச் சோறு மீந்திருக்கிறது, முட்டை ஒன்று கிடக்கிறது, கொஞ்சம் வெங்காயத்தாள் இருக்கிறது என்றால் அன்றைக்கு அது. நாம் மீந்த சோற்றை எலுமிச்சை பிழிந்து தாளித்துவிடுவது போலத்தான். சூடான சோற்றில் மேல்பக்கம் ஈரமும் பசையுமாக இருக்கும், கரண்டி பட்டால் நசுங்கும். ஆறி, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் இருந்துவிட்டால் அதே மாவுச்சத்து இறுகிப்போகும், பருக்கை பருக்கையாகப் பிரியும்.

அதனால் மகன் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலமே சோறு ஆக்கிவிடுங்கள், வழக்கத்தைவிடத் தண்ணீர் கொஞ்சம் குறைத்து. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இந்த ஒரு மணி நேரக் கணக்கைத் தயவுசெய்து சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு, அதன் விதைகள் சோறு வேகும் சூட்டிலும் சாகாது, வெளியே வைத்த ஈரச் சோற்றில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி வறுத்தாலும் போகாது. ராத்திரி முழுக்க அடுப்பு மேடையிலேயே கிடந்த சோற்றை எடுத்து ஃப்ரைடு ரைஸ் செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. (தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைக்கும் பழைய சோறு வேறு விஷயம், அதை இதோடு சேர்க்கவில்லை.)

மறுநாள் இரும்பு வடச்சட்டியை நன்றாகக் காயவையுங்கள், புகை கிளம்பும் அளவுக்கு. எண்ணெய், அடித்த முட்டை, அது பாதி வெந்ததும் சோறு. ஒரு தடவைக்கு இரண்டு பேர் சோறு போதும். ஐந்து பேருக்கானதை ஒரேயடியாகப் போட்டால் சட்டியின் சூடு இறங்கிப்போய், சோறு வறுபடாமல் வேக ஆரம்பித்துவிடும், கடைக்காரர் பிளேட் பிளேட்டாகப் போடுவது இதற்காகவும்தான். உப்பு, மிளகுத்தூள், கடைசியில் வெங்காயத்தாள், போதும். யாங்சோ என்ற ஊரின் பெயரில் சீனாவில் புகழ்பெற்ற ஒரு ஃப்ரைடு ரைஸ் உண்டு, முட்டை, இறால், பன்றி இறைச்சி, பட்டாணி எல்லாம் போட்டு. அதில்கூடச் சோயா சாஸை ஊற்றிக் கறுப்பாக்குவது வழக்கம் இல்லை, சோறு சோற்று நிறத்தில்தான் இருக்கும்.

சீனர்களும் நம்மைப் போல மூன்று வேளையும் சோறுதானா? கேட்பதற்குக் காரணம், எங்கள் பாட்டி காலத்தில் இந்தப் பக்கம் நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி

ஐயா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத நினைத்தேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ராத்திரிக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், விருந்தாள் வந்தால் மட்டும் நெல்லுச்சோறு. சீனா முழுக்கச் சோறு என்று நாம் நினைக்கிறோமே, அது தென்சீனாவுக்குத்தான் பொருந்தும். சின்லிங் மலையையும் ஹுவாய் ஆற்றையும் இணைத்து ஒரு கோடு கிழித்தால், அதற்குத் தெற்கே நெல், வடக்கே கோதுமையும் சிறுதானியமும். வடக்கத்தி வீட்டில் நூடுல்ஸும், உள்ளே ஒன்றும் வைக்காமல் ஆவியில் வேகவைத்த கோதுமை பன்னும்தான் பழைய சாப்பாடு. இப்போது வடகிழக்கில் ஹெய்லாங்ஜியாங் மாகாணத்தில் அருமையான நெல் விளைகிறது, ஆனால் அது பின்னால் வந்த மாற்றம்.

அந்தக் கோதுமைக்கும் முன்னால் வடசீனாவைக் காப்பாற்றியது என்ன தெரியுமா? தினையும் பனிவரகும். 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே அவை பயிராகிவிட்டன. நாம் குறிஞ்சி நிலத்தோடு சேர்த்துச் சொல்கிற தினைக்கு அங்கே பெயர் ஷாவ்மி, அப்படியென்றால் சின்ன அரிசி என்று அர்த்தம். ஆமாம், உங்கள் பேரன் கையில் இருக்கும் செல்போனின் பெயரும் அதே சொல்தான்.

சோறு தின்னாத வடக்கையும் சேர்த்துத்தான் அவர்கள் மொழி சோற்றில் நிற்கிறது. சாப்பிடுவது என்பதற்கு அவர்கள் சொல் 'ச்சீ ஃபான்'. ஃபான் என்றால் சோறு. சப்பாத்தி மாதிரி எதையோ தின்றாலும் 'சோறு தின்றாயா' என்றுதான் கேட்பார்கள். பெரியவர்கள் தெருவில் பார்த்துக்கொண்டால் நலம் விசாரிப்பதே அப்படித்தான், நாம் 'சாப்டாச்சா' என்று கேட்பது போல. இன்னொன்று: இங்கிலீஷில் அரிசியும் ரைஸ், சோறும் ரைஸ். நமக்கு நெல், அரிசி, சோறு மூன்றும் மூன்று சொல். அவர்களுக்கும் மூன்று, தாவ், மீ, ஃபான். சிங்கப்பூரில் அந்தப் பாட்டிக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. ஆனால் எதை எதிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் தடுமாற்றம் வந்ததே இல்லை.

அரசு வேலை மாதிரி நிலையான வேலையை 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' என்பார்கள், கீழே விழுந்தாலும் உடையாது என்பதால். ஒருவர் பிழைப்பைக் கெடுத்தால் 'சோற்றுக் கிண்ணத்தை உடைத்துவிட்டான்' என்பார்கள். 'என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டான்' என்று நம் ஊரில் சொல்வதும் இதுவும் வேறு வேறா, நீங்களே சொல்லுங்கள்.

ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் வாங்கினேன். ஒரு நாள் கஞ்சியாகிறது, ஒரு நாள் நறுக்கரிசியாக நிற்கிறது. சீனர்கள் வீட்டில் சாப்பிடும் அந்த லேசாக ஒட்டுகிற வெள்ளைச் சோறு எனக்கு வேண்டும். எந்த அரிசி, எவ்வளவு தண்ணீர்?
– வாசகர், ஓசூர்

தம்பி, முதலில் அரிசி. உங்கள் வீட்டிலிருந்து மூட்டை கட்டிக் கொடுத்தது புழுங்கல் அரிசியாக இருக்கும், அதில் இந்தச் சோறு வராது. நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைப்பதால் அதன் மாவுச்சத்து உமிக்குள்ளேயே வெந்து இறுகிவிடுகிறது. குழம்புக்கு அது அருமை, ஆனால் ஒட்டாது. சீன வீடுகளில் சாதாரணமாகப் புழங்குவது பச்சரிசி. அதிலும் மூன்று குணம் உண்டு: தெற்கே நீள அரிசி, நம்முடையது போல உதிர்வது. வடகிழக்கிலும் யாங்சி ஆற்றங்கரைகளிலும் குட்டை அரிசி, லேசாகப் பிசுபிசுப்பது. அப்புறம் பசையரிசி, அது பலகாரத்துக்கு. ஒட்டுவதையும் உதிர்வதையும் தீர்மானிப்பது அமைலோஸ் என்ற ஒருவகை மாவுச்சத்து. அது கூடினால் உதிரும், குறைந்தால் ஒட்டும், பசையரிசியில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

நீங்கள் தேடி அலைய வேண்டாம். பொன்னி பச்சரிசி, அதுவும் புது அரிசி கேட்டு வாங்குங்கள். பொங்கலுக்குப் புதுப் பச்சரிசி வைத்தால் எப்படிக் குழைகிறது, பார்த்திருப்பீர்கள், வீட்டில் நாம் குறை சொல்லும் அந்தக் குணம்தான் இங்கே வேண்டியது. தாய்லாந்து மல்லிகை அரிசி ஓசூர், பெங்களூர் பக்கம் பெரிய கடைகளில் கிடைக்கும், வாசனைக்கு அது நன்றாக இருக்கும், ஆனால் விலைக்கு ஏற்ற வித்தியாசம் தினசரிச் சோற்றில் எனக்குத் தெரியவில்லை.

ஒரு டம்ளர் அரிசியில் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றி உடனே கொட்டிவிடுங்கள், காய்ந்த அரிசி முதல் தண்ணீரைத்தான் வேகமாகக் குடிக்கும், அந்த அழுக்கையும் சேர்த்துக் குடிக்க விடக் கூடாது. இன்னும் இரண்டு தடவை, விரல்களால் மெல்ல அலசி. கசக்கித் தேய்த்தால் அரிசி முறியும், முறிந்த அரிசி மாவாகிக் கூழாக்கிவிடும். அப்புறம் அரை மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிட்டு, புது அரிசி என்றால் ஒன்றரை டம்ளர், பழசு என்றால் கிட்டத்தட்ட இரண்டு டம்ளர் அளந்து ஊற்றுங்கள். உப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம். அளக்க டம்ளர் இல்லை என்றால், சமமாக்கிய அரிசியின் மேல் விரல் நுனியை வைத்தால் முதல் கணு வரை தண்ணீர் நிற்க வேண்டும். அந்தப் பாட்டி அப்படித்தான் பார்ப்பார், என் அம்மாவும் அப்படித்தான் பார்ப்பார். ஒருவர் இன்னொருவரைப் பார்த்ததே இல்லை.

ஊறவைப்பதை ஓசூரில் விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது, அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊறாத அரிசி உள்ளே நறுக்கென்று நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

குக்கர் எப்போது அணைய வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பாத்திரத்துக்கு அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. தண்ணீர் இருக்கிறவரை பாத்திரத்தின் சூடு கொதிநிலையைத் தாண்டாது. அரிசி தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டால் சூடு அதற்கு மேல் ஏறும், அந்தச் சூட்டில் காந்தம் பிடிப்பை இழக்கும், சுவிட்ச் டக்கென்று விடுபடும். அதாவது டக் என்றால் தண்ணீர் தீர்ந்தது என்றுதான் அர்த்தம், சோறு ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அங்கேதான் நிறையப் பேர் மூடியைத் திறந்து கெடுக்கிறார்கள். இன்னும் பத்து நிமிஷம் மூடியே இருக்கட்டும். மேலே நிற்கும் ஈரம் கீழே இறங்கி, அடியில் இருக்கும் ஈரம் மேலே ஏறி, எல்லாப் பருக்கையும் ஒரே மாதிரி ஆகும். அப்புறம் மரக்கரண்டியால் ஓரத்திலிருந்து மேலாகக் கிளறிவிடுங்கள்.

குக்கர் இல்லாதவர்கள் கனமான சட்டியில் இதே அளவுக்குக் கொதிக்கவிட்டு, மூடி, தீயை இருப்பதிலேயே சின்னதாக்கிப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிஷம், அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம். நடுவில் மூடியைத் தொடக் கூடாது. நான் அந்த வீட்டுக்குப் போன முதல் வாரம் திறந்து திறந்து பார்த்தேன், பாட்டி ஒன்றும் சொல்லாமல் வந்து மூடியின் மேல் ஒரு கல்லுரலை வைத்துவிட்டுப் போனார்.

சீனச் சமையல் என்றால் அஜினமோட்டோ போட்டே ஆக வேண்டுமா?
– வாசகி, பர்கூர்

வேண்டாம். அது சீனர்கள் கண்டுபிடித்ததும் இல்லை, 1908-ல் ஜப்பானில் இகெடா என்ற வேதியியலாளர் கடல்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தது. வெறும் வெள்ளைச் சோற்றில் யாரும் போடுவதில்லை.

சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்தக் கூடாது என்கிறார்களே, ஏன்? அந்தக் குச்சியால் பருக்கையை எப்படி எடுக்கிறார்கள்?
– பிளஸ் ஒன் மாணவி, தேன்கனிக்கோட்டை

இறந்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் கிண்ணத்துச் சோற்றில் குச்சியை நட்டு நிறுத்துவார்கள், பார்ப்பதற்கு ஊதுபத்தி ஏற்றியதுபோலவும் இருக்கும். உயிரோடு இருப்பவர் முன்னால் அப்படி வைப்பது, நம் வீட்டில் ஒருவர் சாப்பிட உட்காரும்போது வாய்க்கரிசிப் பேச்சை எடுத்தால் எப்படியோ அப்படி. குச்சியைக் கிண்ணத்துக்குக் குறுக்கேயோ பக்கத்திலேயோ படுக்கவைத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு பருக்கையாக எடுப்பதில்லை கண்ணு. சோறு லேசாக ஒட்டுவதால் கட்டி கட்டியாக வரும். தவிர, கிண்ணத்தைக் கையில் தூக்கி வாயருகே வைத்துக்கொண்டு தள்ளிவிடுவார்கள், அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. கிண்ணத்தில் பருக்கையை மிச்சம் வைத்தால் வரப்போகிற மாப்பிள்ளை முகத்தில் அத்தனை அம்மைத் தழும்பு இருக்கும் என்று பெண்பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். ஆண்பிள்ளைகளுக்கு அதே மிரட்டல், பெண்ணின் முகம் என்று.

கே.ஆர்.பி. அணைத் தண்ணீரில் மூன்று தலைமுறையாக நெல் போடும் குடும்பம் நாங்கள். நெல் பிறந்தது சீனாவிலா, நம் நாட்டிலா?
– விவசாயி, காவேரிப்பட்டணம்

அண்ணா, குட்டை அரிசி வகை, அதாவது ஜப்பானிகா, யாங்சி ஆற்றுப்பக்கம் பயிராக்கப்பட்டது என்பதில் சந்தேகம் இல்லை. அங்கே செஜியாங் மாகாணத்தில் ஹெமுடு என்ற இடத்தில் 1973-ல் தோண்டியபோது ஏறக்குறைய 7,000 ஆண்டுப் பழைய நெல்லும் உமியும் குவியலாகக் கிடைத்தன, எலும்பில் செய்த மண்வெட்டிகளும் கூட. நம்முடைய நீள அரிசி வகைக்கு, இண்டிகாவுக்கு, கங்கைச் சமவெளியில் தனியாக ஒரு கதை இருக்கிறது. பின்னால் சீன வகையோடு கலந்து அது இன்னும் நல்ல பயிரானது என்று மரபணு ஆராய்ச்சி செய்பவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இன்னும் கிட்டத்தில் இருக்கிற விஷயம். நீங்கள் போடுகிற பொன்னி இருக்கிறதே, அது மலேசியாவிலிருந்து வந்த மசூரி என்ற ரகத்தின் வழி. மசூரியை உண்டாக்கியது மலேசியாவின் மாயங் ஈபோஸ் நெல்லையும் தைவானின் தைச்சுங் 65 என்ற குட்டை அரிசி ரகத்தையும் சேர்த்து. அதேபோல 1966-ல் வந்து பசுமைப் புரட்சியைத் தொடங்கிவைத்த ஐ.ஆர்.8-க்குக் குள்ளமான தண்டைக் கொடுத்தது தைவானில் விளைந்த டீ-ஜியோ-வூ-ஜென் என்ற நெல். அதனால்தான் உரம் போட்டாலும் அது சாயாமல் நின்றது. காவேரிப்பட்டணத்து வயலில் நிற்கிற நாற்றுக்கு அந்தப் பக்கத்து உறவு இருக்கிறது. ஓசூர் தம்பிக்குப் பொன்னியைத் தைரியமாகச் சொன்னேனே, அப்போது இதுவும் மனதில் இருந்தது.

யுவான் லாங்பிங் என்ற சீன நெல் விஞ்ஞானியின் பெயரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1970-ல் ஹைனான் தீவில் மகரந்தம் மலடாக இருந்த ஒரு காட்டு நெல்லை அவருடைய குழுவினர் கண்டெடுத்தார்கள், அதை வைத்து சில வருஷங்களிலேயே வீரிய ஒட்டு நெல்லை வயலுக்குக் கொண்டுவந்தார். பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். 2021 மே மாதம் இறந்தார். சாங்ஷா நகரத்தில் மழையில் ஜனங்கள் தெருவில் நின்று வழியனுப்பினார்கள்.

சோறு வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றினால் என் மாமியார் ஒரு வாரம் பேசமாட்டார். சீனர்கள் வடிப்பதே இல்லையா?
– மருமகள், அரூர்

உங்கள் மாமியார் பக்கம்தான் நானும். வடிக்கிற சீனர்களும் உண்டு. சிச்சுவான், ஹுனான் பக்கத்துக் கிராமங்களில் அரிசியை அரைவேக்காடாகக் கொதிக்கவைத்து, வடித்து, அப்புறம் அடியில் ஓட்டை போட்ட மரத்தொட்டியில் கொட்டி ஆவியில் வேகவைப்பார்கள். வடித்த தண்ணீரைக் கொட்டுவதில்லை, குடிப்பார்கள், அதில் கீரை போட்டு ரசம் மாதிரியும் வைப்பார்கள். சோறு பொலபொலவென்று, மரத்தின் வாசனையோடு இருக்கும். இட்லிப் பானையில் துணி விரித்து நீங்களும் செய்யலாம், முக்கால் பதம் வெந்ததும் வடித்துவிட்டு இருபது நிமிஷம் ஆவி போதும்.

கஞ்சி என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தது நாம்தான். போர்ச்சுக்கீசியர் வாயில் ஏறி அங்கிருந்து இங்கிலீஷுக்குப் போய், இன்றைக்குச் சீனர்களின் காலைச் சாப்பாட்டை உலகம் முழுக்க 'காஞ்சி' என்றுதான் எழுதுகிறார்கள். அவர்கள் கஞ்சி வேறு மாதிரி. ஒரு பங்கு பச்சரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர், சின்னத் தீயில் ஒரு மணி நேரம், பருக்கை மலர்ந்து கரைந்து பால்போல ஆகும்வரை. இஞ்சியை மெலிசாக நறுக்கி மேலே தூவி, உப்பில் போட்ட முட்டையோ வறுத்த வேர்க்கடலையோ ஊறுகாயோ பக்கத்தில். அவர்கள் பஞ்சாங்கத்தில் பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள், பெரும்பாலும் நம் பொங்கலை ஒட்டி ஜனவரியில் வரும், அன்றைக்கு அரிசி, பயறு, கொட்டை வகைகள் எல்லாம் சேர்த்து ஒரு கஞ்சி காய்ச்சி அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பார்கள். மாமியாருக்குக் காய்ச்சல் வந்தால் இஞ்சி போட்ட கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்துப் பாருங்கள். அவர் கேழ்வரகுக் கூழ்தான் கேட்பார் என்றால் அதையே கொடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். சீனாவில் அதைத் தூக்கிப் போடுவார்களா?
– வாசகி, பென்னாகரம்

தூக்கிப் போடவே மாட்டார்கள், அதற்கென்று பெயரே உண்டு, குவோபா. கருகியது வேண்டாம், பொன்னிறமாகப் பிடித்ததுதான் கணக்கு. சட்டியில் சோற்றை எடுத்த பிறகு அடியில் இருப்பதை அப்படியே விட்டு, சின்னத் தீயில் இன்னும் ஐந்து நிமிஷம் வைத்தால் ஓரம் கழன்று அப்பளம் மாதிரி முழுசாக வரும். கையளவு துண்டுகளாக உடைத்து, வடகம் காயவைப்பது போல வெயிலில் போட்டுவிடுங்கள், இந்த மாதத்து பென்னாகரம் வெயிலுக்கு ஒரே நாள். காய்ந்ததை நல்ல சூடான எண்ணெயில் போட்டால் பொரிந்து மேலே வரும், ஆழமான தட்டில் வைத்து, பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் காளான் குழம்பையோ கோழிக் குழம்பையோ உடனே அதன் மேல் ஊற்றுங்கள். எண்ணெயும் குழம்பும் இரண்டுமே கொதிக்கக் கொதிக்க இருந்தால்தான் அந்தச் சடசட சத்தம் வரும். அதனால் எல்லாரையும் உட்காரவைத்த பிறகு, அவர்கள் எதிரிலேயே ஊற்றுங்கள்.